கூம்புக் கருவிழி: சிகிச்சைக்குப் பின் காவல்

விளைந்த பயிருக்குக் காவல் இல்லையேல் உழைப்பு வீணாகும் என்பதைக் குடியானவர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கண் சிகிச்சையும் அத்தகையதே. மருத்துவர் செய்வது ஒரு பாதி. வீட்டில் நாம் காப்பது மறு பாதி.

கண்ணின் முன்புறத்தைக் கடிகாரக் கண்ணாடி போல் மூடியிருக்கும் தெளிந்த படலமே கருவிழிப் படலம். சிலருக்கு இது இளம்வயதில் மெலியத் தொடங்கி, நாளடைவில் கூம்பு போல் முன்னே பிதுங்குகிறது. இந்நோயைக் கெரட்டோகோனஸ் என்பர். பார்வை கலங்கும், மூக்குக் கண்ணாடியை அடிக்கடி மாற்ற நேரும். கண்ணைக் கசக்கும் பழக்கம் நோயை மேலும் வளர்க்கும்.

நோய் முற்றாமல் தடுக்கக் 'கிராஸ்லிங்கிங்' என்னும் சிகிச்சை உண்டு. ஜெர்மனி நாட்டு மருத்துவ அறிஞர்கள் இதன் பயனை 2003-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அம்முறையில் படலத்தின் மெல்லிய மேல்தோலை நீக்கி, ரிபோஃபிளேவின் என்னும் பி2 வைட்டமின் சொட்டு மருந்தை ஊறவிட்டு, 30 நிமிடம் புற ஊதாக் கதிரைச் செலுத்துவர். படலத்தின் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து உறுதிபெறும். படலத்தின் கனம் 400 மைக்ரானுக்குக் குறைந்திருப்பின் கதிர் உட்புற அணுக்களைத் தாக்கக்கூடும். ஆதலால் கனத்தை அளந்தறிந்த பின்னரே மருத்துவர் முறையைத் தீர்மானிப்பார்.

இச்சிகிச்சை இழந்த பார்வையை மீட்பதற்கன்று; எஞ்சியதைக் காப்பதற்கே. பின்னரும் கண்ணாடி தேவைப்படலாம். சிலருக்கு நோய் மீண்டும் வளர்வதும் உண்டு.

இனி, நேரக்கூடிய தீங்குகள் யாவை? நீக்கிய மேல்தோல் மூடச் சில நாள் ஆகும். அதுவரை கண் ஒரு திறந்த புண்ணே. தொடக்கத்தில் வலி, நீர் வடிதல், ஒளி கண்டு கூசுதல் ஆகியவை இயல்பு. இவை நாளுக்கு நாள் குறைய வேண்டும். மூடுபனி போன்ற மங்கல் பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில் தெளியும். ஆனால் தணிந்த வலி மீண்டும் மிகுதல், கண் சிவத்தல், சீழ், கருவிழியில் வெண்புள்ளி, பார்வை திடீரெனக் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவமனை செல்லல் வேண்டும். கிருமியோ பூஞ்சையோ பற்றினால் புண் தழும்பாகிப் பார்வையைக் கெடுக்கும். கருவிழி மாற்று அறுவை வரையிலும் கொண்டுபோய் விடலாம். முன்னர்க் கண்ணில் ஹெர்ப்பிஸ் அக்கி வந்திருப்பின் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

புண் ஆறும்வரை களத்துத் தூசியும் ஏரி, குளத்து நீரும் கண்ணில் படலாகாது. இலைச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் இடலாகாது. புண்ணின்மேல் வைத்த லென்ஸைத் தாமே எடுக்கலாகாது. கடையில் தாமாக வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்து பெருங்கேடு விளைக்கும்.

பேருந்துச் செலவையும் ஒருநாள் கூலியையும் எண்ணி, குறித்த நாளில் மறுபரிசோதனைக்குச் செல்லாதிருப்போர் உளர். அத்தகைய குடும்பத்தைத் தேடிச் சென்று வழியனுப்பி வைப்பது பஞ்சாயத்து உறுப்பினரால் இயலாத செயலன்று. ஓர் இளைஞரின் கண் காக்கப்பட்டால், ஒரு குடும்பத்தின் வாழ்வே காக்கப்பட்டதாகும் அன்றோ?