தளர்ந்த திருகும் பின்தங்கிய கடிகாரமும்

2011 செப்டம்பர் 23-ஆம் நாள், ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் வியப்பூட்டும் செய்தி ஒன்று வெளியாயிற்று. அங்கிருந்து நிலத்தினூடே அனுப்பப்பட்ட நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள், 730 கி.மீ. தொலைவில் இத்தாலியின் கிரான் ஸாஸ்ஸோ மலைக்கு அடியிலுள்ள ஆய்வுக்கூடத்தை, ஒளி எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட ஏறத்தாழ 60 நானோ விநாடி முன்னதாகவே அடைந்ததாக ‘ஆப்பெரா’ ஆய்வுக் குழுவினர் அறிவித்தார்கள்.

நானோ விநாடி என்பது ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளி 30 செ.மீ. செல்லும். அப்படியானால் 60 நானோ விநாடியில் 18 மீட்டர். 730 கி.மீ. பந்தயத்தில் ஒளியை 18 மீட்டர் முந்துவது சிறு வேறுபாடுதானே என்று நினைக்காதீர்கள். ஒரு மீட்டர் முந்தினாலும் ஐன்ஸ்டைன் 1905-இல் வகுத்த சார்பியல் கொள்கை ஆட்டங்காணும். குழுவினருக்கே இம்முடிவில் ஐயம் இருந்தது. பல மாதம் தேடியும் பிழை கிடைக்காததால், பிறரும் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று கேட்டுத்தான் அதை வெளியிட்டார்கள்.

பிழை எங்கே இருந்தது தெரியுமா? சரியாகத் திருகப்படாத ஓர் ஒளியிழை முனையில்!

மலைக்கு அடியில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் அலைகள் எட்டா. ஆகவே வெளியே பெற்ற நேரக் குறிப்பை 8.3 கி.மீ. நீள ஒளியிழை வழியாக உள்ளே இருந்த மூலக் கடிகாரத்துக்கு அனுப்பினார்கள். ஒளியிழையில் ஒளி ஒரு கி.மீ. கடக்க ஏறத்தாழ 5 மைக்ரோ விநாடி ஆகும். முழுத் தொலைவையும் கடக்க 41 மைக்ரோ விநாடி. இந்தத் தாமதத்தை முன்பே அளந்து கணக்கில் சேர்த்திருந்தார்கள். ஆனால் இழையின் முனை தளர்ந்திருந்ததால் ஒளியின் ஒரு பகுதியே உணரியில் விழுந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஒளி குறைந்தால் குறிப்பு நின்றுபோகும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அது நிற்கவில்லை, தாமதமாக வந்தது. குடத்தில் கழுத்துவரை நீர் நிரம்பியதும் மணி அடிக்கும்படி ஓர் ஏற்பாடு செய்திருப்பதாகக் கொள்ளுங்கள். குழாயை முழுதும் திறந்தால் மணி விரைவில் அடிக்கும். பாதி திறந்தால் அதே மணி சற்றுப் பின்னால் அடிக்கும். ஒளி உணரியிலும் மின்னூட்டம் குறிப்பிட்ட அளவை எட்டினால்தான் ‘குறிப்பு வந்தது’ என்று சுற்று பதில் சொல்லும். இதனால் ஏற்பட்ட கூடுதல் தாமதம் ஏறத்தாழ 73 நானோ விநாடி. கடிகாரம் அந்த அளவு பின்தங்கி ஓடியது. பள்ளிக் கடிகாரம் பின்தங்கி ஓடினால், தாமதமாக வந்த மாணவனும் நேரத்தோடு வந்தவனாகிவிடுகிறான் அல்லவா? நியூட்ரினோ விரைவாக வந்ததாகத் தோன்றியதும் அவ்வாறே. கடிகாரத்தின் அலைவியற்றியில் இருந்த மற்றொரு பிழை, எதிர்த்திசையில் 15 நானோ விநாடி அளவுக்கு இதை ஈடுசெய்தது. மீதி ஏறத்தாழ 60!

முனையைச் சரியாகத் திருகியதும் நேரம் மாறியது. ஆனால் அந்தத் தளர்வு எப்போதிலிருந்து இருந்தது? மலையினூடே கிடைமட்டமாகப் பாயும் மியூவான் துகள்கள் சில, ஆப்பெராவையும் அருகிலிருந்த எல்.வி.டி. என்னும் மற்றொரு கருவியையும் கடந்து சென்றிருந்தன. இரண்டின் பழைய பதிவுகளையும் ஒப்பிட்டபோது, 2008-இன் நடுவிலிருந்து 2011 வரை ஆப்பெராவின் நேரம் விலகியிருந்தது தெரிந்தது. இந்தப் பதிவு ஒப்பீடு எனக்கு மிகவும் பிடித்த துப்பறியும் வேலை. 2012 மார்ச்சில் அதே மலையிலிருந்த இகாரஸ் குழுவினரும் நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை என்று அளந்து காட்டினார்கள். அம்மாத இறுதியில் ஆப்பெராவின் தலைவர்கள் அந்தோனியோ எரெடிடாத்தோ, தாரியோ ஔத்தியேரோ இருவரும் பொறுப்பிலிருந்து விலகினார்கள்.

இதே நோய்தான் இன்று கணிப்பொறி நிலையங்களில், ஒளியிழை செருகும் நெட்வொர்க் கார்டுகளிலும் வேறு வடிவில் தலைகாட்டுகிறது. அறுந்த இழையைக் கண்டுபிடிப்பது எளிது. இணைப்பு எழும்பி, விழுந்து, மறுபடி எழும்பினால்தான் தொல்லை. விநாடிக்கு 1,000 கோடி இருமக் குறிகளை அனுப்பும் கார்டு, ஒரு இலட்சம் கோடி குறிகளுக்கு ஒன்றுக்கு மேல் பிழை செய்யக்கூடாது என்பது விதி. கணக்கிட்டுப் பாருங்கள்: 100 விநாடிக்கு ஒரு பிழை! ஒளி எல்லைக்கோட்டருகே குறைந்துவிட்டால், கேபிள் சற்று அசைந்தாலும் பிழைகள் குவியும். கார்டு இணைப்பைக் கைவிட்டு மீண்டும் தொடங்கும்.

கார்டில் செருகிய எஸ்.எஃப்.பி. மாட்யூல், தான் பெறும் ஒளியின் அளவைத் தானே சொல்லும். 10 கி.மீ. வகை மாட்யூலுக்கு அந்த அளவு –14.4 டி.பி.எம்., அதாவது ஒரு மில்லிவாட்டில் 28-இல் ஒரு பங்குக்குக் கீழே போகக்கூடாது. முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். அது குறைந்திருந்தால் பெரும்பாலும் குற்றவாளி தூசிதான். ஒளி செல்லும் உள்ளிழையின் விட்டம் சுமார் 9 மைக்ரான். தலைமுடி அதைப்போலப் பல மடங்கு தடிப்பு. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளே வழியை அடைத்துவிடும். துடைக்காமல் செருகினால் அது இரு முனைகளையும் கீறிவிடும். வாயால் ஊதவும் கூடாது, ஈரம் படியும். இழையின் முனையை ஒருபோதும் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். அதில் வருவது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு லேசர் ஒளி.

துடைத்தும் தீரவில்லையா? கேபிள் எங்கேனும் கூர்மையாக வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வளைவில் ஒளி கசியும். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கேபிளையும் மாட்யூலையும் சேர்த்து மாற்றிக் குறை தீர்ந்தால், இரண்டில் எது கெட்டது என்று தெரியாது. கெட்டது மறுபடி பெட்டிக்குள் போய், இன்னொரு நாள் இன்னொருவரை வதைக்கும். ஒளி மிகுந்தாலும் கெடுதிதான். 80 கி.மீ. தொலைவுக்கான மாட்யூலைப் பக்கத்து அறைக்குப் பூட்டினால் உணரி கூசிப்போகும். இடையே ஒளி குறைப்பான் பொருத்த வேண்டும்.

விநாடிக்கு 2,500 கோடி குறிகளை அனுப்பும் கார்டுகள் பிழைகளைத் தாமே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு உடையவை. இணைப்பு நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும், திருத்திய பிழைகளின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் முனையை அப்போதே சோதிக்க வேண்டும். இத்திருத்த முறை இரு பக்கமும் ஒன்றாக அமைந்திருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். வேறுபட்டால், ஒளி போதிய அளவு வந்தும் இணைப்பு எழும்பாது. அப்போது முனையை எத்தனை முறை துடைத்தாலும் பயனில்லை.