மின்சாரம் எங்கே நின்றது?

1902-ம் ஆண்டு நம் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. காவிரி ஆற்றில் சிவசமுத்திரம் அருவி இருக்கிறது. அங்கே மின்சாரம் தயாரித்தார்கள். ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்தார்கள். நம் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டு வந்தார்கள்.

அந்தக் கம்பி ஓர் இடத்தில் அறுந்தால் என்ன ஆகும்? மின்சாரம் நின்றுவிடும். அறுந்த இடத்தைத் தேட வேண்டும்.

பிள்ளைகள் படிக்கும் லேப்டாப்பும் இப்படித்தான். சார்ஜ் ஏறவில்லை என்றால் லேப்டாப்பே போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். மின்சாரம் வரும் வழியில் எங்கோ தடை இருக்கலாம்.

2001-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. நம்மில் பலர் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறோம். ஒரு ஒயர் தளர்ந்ததற்காக ஒரு நாள் கூலியை இழக்கலாமா? முதலில் நாமே பார்ப்போம்.

1. பிளக் பாயிண்ட்

அதே பாயிண்டில் செல்போன் சார்ஜரைச் செருகுங்கள். செல்போனுக்குச் சார்ஜ் ஏறினால் பாயிண்ட் நன்றாக இருக்கிறது.

2. ஒயரும் அடாப்டரும்

ஒயரின் நடுவில் உள்ள கறுப்புப் பெட்டிதான் அடாப்டர். அதில் செருகும் ஒயர் தளர்ந்திருக்கலாம். சுவிட்சை அணைத்துவிட்டு அழுத்திச் செருகுங்கள். ஒயர் வெட்டுப்பட்டோ கருகியோ இருந்தால் பயன்படுத்தக் கூடாது. அடாப்டரைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும்.

3. வேறு சார்ஜர்

அதே வகை லேப்டாப் வைத்திருப்பவரிடம் சார்ஜர் கேளுங்கள். அடாப்டரின் மேல் எண்கள் இருக்கும். அவற்றைப் படியுங்கள். வெளியே வரும் மின்சாரத்தின் வோல்ட் எண் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 19, மற்றொன்றில் 12 என்றால் செருகாதீர்கள். எண்களும் முனையும் ஒன்றாக இருந்து, சார்ஜ் ஏறினால், பழைய சார்ஜர்தான் பழுது.

4. சார்ஜ் போடும் துளை

லேப்டாப்பை முழுவதும் அணையுங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள். டார்ச் அடித்துத் துளைக்குள் பாருங்கள். தூசியோ பஞ்சோ இருந்தால் பல் குத்தும் மரக்குச்சியால் மெதுவாக எடுங்கள். நடுவில் உள்ள பாகத்தை அழுத்தாதீர்கள். ஊசி, ஹேர்பின் வேண்டாம். தண்ணீர், எண்ணெய் வேண்டாம். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும்.

5. துளை ஆடுகிறதா?

முனையை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறதா? உள்ளே பற்றவைத்த இடம் விட்டிருக்கலாம். இது கடை வேலை. சில லேப்டாப்பில் துளையை மட்டும் கழற்றி மாற்றலாம். சிலவற்றில் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும்.

கடையில் கேளுங்கள்: “அண்ணா, எது பழுது? எவ்வளவு ஆகும்? பழைய பாகத்தைத் தருவீங்களா? பில் கொடுங்க.” பில்லைப் படித்துப் பார்த்தே பணம் கொடுங்கள்.

கவனம்!

லேப்டாப்பின் அடிப்பக்கம் உப்பியிருந்தால் பேட்டரி கெட்டுவிட்டது. கருகிய வாசனை வந்தாலும் ஆபத்து. சார்ஜ் போடாதீர்கள். பேட்டரியைக் குத்தாதீர்கள். தீப்பிடிக்கும்.

பழுது வராமல் இருக்க, ஒயரைப் பிடித்து இழுக்காமல் முனையைப் பிடித்துக் கழற்றுங்கள். மெத்தை மேல் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள்.

பயிற்சி

1. தங்கவயலுக்கு எந்த ஆண்டு மின்சாரம் வந்தது?
2. அடாப்டரை ஏன் திறக்கக் கூடாது?
3. உங்கள் வீட்டுச் சார்ஜரில் உள்ள வோல்ட் எண்ணை எழுதுங்கள்.