உங்கள் கைபேசியே மோடம்: வீட்டு லேப்டாப்பில் இணையம் ஏற்றுவது எப்படி?

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க நாளை கடைசி நாள். இரவு எட்டரை மணி. பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டர் மூடியாச்சு. கைபேசியில் படிவத்தைத் திறந்தால் பாதிக் கட்டங்கள் திரைக்கு வெளியே நிற்கின்றன. ஓ.டி.பி. பார்க்க மெசேஜ் பக்கம் போய்த் திரும்பி வந்தால், நிரப்பியதெல்லாம் காணோம்! பீரோ மேலே ஒரு லேப்டாப் இருக்கிறது. பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. "ஆனா வீட்ல நெட் கனெக்‌ஷன் இல்லையே, என்ன பண்றது?"

கவலை வேண்டாம். நெட் கனெக்‌ஷன் உங்கள் கையிலேயே இருக்கிறது. உங்கள் ஸ்மார்ட்போனை லேப்டாப்புக்கு மோடமாக மாற்றுவது எப்படி என்பதை இந்தப் பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

மோடம் என்றால் என்ன?

வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. அந்தக் காலத்தில் இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் வந்தது. கணினியின் எண்களைத் தொலைபேசிக் கம்பி சுமக்கக்கூடிய ஒலியாகவும், அந்த ஒலியை மறுபடி எண்களாகவும் மாற்றித் தரும் கருவிதான் மோடம். லேப்டாப்பில் பக்கவாட்டுத் துளையில் செருக ஒரு மோடம் அட்டை கிடைத்தது. நீள அகலத்தில் நம் ஏ.டி.எம். கார்டு அளவுதான், கொஞ்சம் தடிமன் அதிகம். அதைச் செருகி, டிரைவர் மென்பொருளை நிறுவி, தொலைபேசி வயரை மாட்டி, எண்ணை டயல் செய்ய வேண்டும். "கீச், கர்ர்" என்று ஒரு சத்தம் வந்து அடங்கினால் இணைப்பு கிடைத்தது என்று அர்த்தம்.

அதன் உச்ச வேகம் விநாடிக்கு 56 கிலோபிட். இணையத்தில் இருக்கும் வரை வீட்டுத் தொலைபேசி என்கேஜ்டு. வேறு யாரும் பேச முடியாது.

இன்று அந்த அட்டையின் வேலையைக் கைபேசிக்குள் இருக்கும் ஒரு சிறு சில்லு செய்கிறது. கம்பிக்குப் பதில் டவர். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மோடத்தை லேப்டாப்புக்கும் கடன் கொடுப்பதைத்தான் 'டெதரிங்' என்கிறார்கள். இதற்கு மூன்று வழிகள் உண்டு: யு.எஸ்.பி. கேபிள், வைஃபை ஹாட்ஸ்பாட், புளூடூத்.

தொடங்கும் முன் நான்கு விஷயங்கள்

1. இன்றைய டேட்டா எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள்.

2. கைபேசியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும். ஹாட்ஸ்பாட் பேட்டரியை வேகமாகத் தின்னும்.

3. லேப்டாப்பின் தேதியும் நேரமும் சரியா? பல மாதம் திறக்காத லேப்டாப்பில் தேதி பின்னோக்கிப் போயிருக்கலாம். தேதி தவறாக இருந்தால், "இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று பிரவுசர் எல்லாத் தளங்களையும் தடுத்துவிடும். நெட் கோளாறு என்று நினைத்துப் பலர் இங்கேதான் அரை மணி நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

4. சான்றிதழ்களைக் கைபேசியில் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறீர்களா? டெதரிங் போடும் முன்பே அவற்றை லேப்டாப்புக்கு மாற்றிவிடுங்கள். பல கைபேசிகளில் ஒரே கேபிளில் கோப்புப் பரிமாற்றமும் டெதரிங்கும் ஒரே நேரத்தில் நடக்காது.

வழி 1: யு.எஸ்.பி. கேபிள்

மூன்றிலும் நம்பகமானது இதுதான். இணைப்பு நிலையாக இருக்கும், கைபேசியும் சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும், பாஸ்வேர்டு தேவையில்லை.

1. கைபேசியில் மொபைல் டேட்டாவை ஆன் செய்யுங்கள்.

2. கேபிளால் கைபேசியையும் லேப்டாப்பையும் இணையுங்கள்.

3. ஆண்ட்ராய்டு கைபேசியில் செட்டிங்ஸ் போய், 'நெட்வொர்க் மற்றும் இன்டர்நெட்' அல்லது 'கனெக்‌ஷன்ஸ்' என்பதைத் தொடுங்கள். அதற்குள் 'ஹாட்ஸ்பாட் மற்றும் டெதரிங்' இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் சற்று மாறும். கிடைக்கவில்லை என்றால், செட்டிங்ஸ் மேலே உள்ள தேடல் கட்டத்தில் 'டெதரிங்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் போதும்.

4. 'யு.எஸ்.பி. டெதரிங்' சுவிட்சை ஆன் செய்யுங்கள்.

5. ஒரு நிமிடம் பொறுங்கள். முதல் முறை லேப்டாப் தேவையான டிரைவரைத் தானே நிறுவிக்கொள்ளும். திரையின் வலது கீழ் மூலையில் வைஃபை அடையாளத்துக்குப் பதில் கம்பி இணைப்பின் அடையாளம் வந்தால் வேலை முடிந்தது.

'யு.எஸ்.பி. டெதரிங்' என்ற வரி மங்கலாக, தொட முடியாமல் இருக்கிறதா? கேபிளை மாற்றிப் பாருங்கள். சந்தையில் சில கேபிள்கள் சார்ஜ் ஏற்ற மட்டும்தான். தகவல் போகும் கம்பி அவற்றுக்குள் இருக்காது. கைபேசியோடு பெட்டியில் வந்த கேபிள் என்றால் பெரும்பாலும் சிக்கல் வராது.

ஐபோன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் 'பர்சனல் ஹாட்ஸ்பாட்' என்பதை ஆன் செய்து கேபிளை இணைக்கலாம். விண்டோஸ் லேப்டாப் என்றால் ஆப்பிள் நிறுவனத்தின் டிரைவர் மென்பொருள் முன்பே இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வழிக்குப் போய்விடுங்கள்.

வழி 2: வைஃபை ஹாட்ஸ்பாட்

கேபிள் இல்லையா? அதே பக்கத்தில் 'வைஃபை ஹாட்ஸ்பாட்' இருக்கும்.

1. அதைத் திறந்து முதலில் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பெயரில் உங்கள் கைபேசி எண்ணையோ வீட்டு எண்ணையோ வைக்காதீர்கள். பாஸ்வேர்டில் குறைந்தது எட்டு எழுத்து வேண்டும்; 12345678 வேண்டவே வேண்டாம்.

2. ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்யுங்கள்.

3. லேப்டாப்பின் வைஃபை பட்டியலில் அந்தப் பெயரைத் தேர்ந்து பாஸ்வேர்டைக் கொடுங்கள்.

பட்டியலில் உங்கள் ஹாட்ஸ்பாட் பெயரே வரவில்லையா? இது பழைய லேப்டாப்புகளில் அடிக்கடி வரும் சிக்கல். புதிய கைபேசிகள் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஹாட்ஸ்பாட் தரலாம். பழைய லேப்டாப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ஹாட்ஸ்பாட் அமைப்பில் 'பேண்ட்' என்ற இடத்தில் 2.4 என்று மாற்றுங்கள். ஐபோன் 12-ம் அதற்குப் பின் வந்தவையும் என்றால் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்ற சுவிட்சை ஆன் செய்யுங்கள். பெயர் தெரிகிறது, ஆனால் பாஸ்வேர்டு ஏற்கவில்லை என்றால், பாதுகாப்பு வகையை 'டபிள்யு.பி.ஏ. 2' என்று வைத்துப் பாருங்கள்.

வழி 3: புளூடூத்

மூன்றிலும் மெதுவானது; ஆனால் பேட்டரி குறைவாகச் செலவாகும். படிவம் நிரப்ப, மின்னஞ்சல் பார்க்க ஓரளவு போதும். மற்ற இரண்டும் கைகொடுக்காத நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியையும் லேப்டாப்பையும் புளூடூத்தில் 'பேர்' செய்து, டெதரிங் பக்கத்தில் 'புளூடூத் டெதரிங்' ஆன் செய்ய வேண்டும். பிறகு லேப்டாப்பின் புளூடூத் பட்டியலில் கைபேசியைத் தேர்ந்து இணையுங்கள்.

டேட்டா ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

மிக முக்கியமான பகுதி இதுதான். லேப்டாப்புக்கு உங்கள் டேட்டா கணக்கு தெரியாது. பல மாதம் கழித்து நெட் கிடைத்ததும், விண்டோஸ் அப்டேட், ஆன்டிவைரஸ் அப்டேட் எல்லாம் பசியோடு இறங்கத் தொடங்கும். ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி. என்பதெல்லாம் அதற்கு ஒரு வாய்ச் சோறு!

தினசரி அளவு தீர்ந்தால் என்ன ஆகும்? பல திட்டங்களில் வேகம் விநாடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைந்துவிடும். மேலே சொன்ன பழைய மோடம் அட்டையின் வேகம் நினைவிருக்கிறதா? ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்பிவிடுவீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 200 கே.பி. அளவுள்ள ஒரு புகைப்படத்தை அனுப்ப 25 விநாடி. 2 எம்.பி. அளவுள்ள ஒரு பி.டி.எப். அனுப்ப நாலு நிமிடத்துக்கும் மேல். அதற்குள் தளம் "நேரம் முடிந்தது, மறுபடி உள்நுழையவும்" என்று சொல்லிவிடும் ஆபத்து உண்டு.

இதைத் தவிர்க்க ஒரு சிறிய சுவிட்ச் போதும். விண்டோஸ் 10, 11-ல் செட்டிங்ஸ், பிறகு 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' போய், இப்போது இணைந்திருக்கும் இணைப்பின் 'பிராப்பர்ட்டீஸ்' பக்கத்தைத் திறங்கள். அங்கே 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்யுங்கள். "இது அளந்து வாங்கும் நெட், பார்த்துச் செலவு பண்ணு" என்று லேப்டாப்புக்குச் சொல்வது போல இது. பெரும்பாலான அப்டேட்டுகள் காத்திருக்கும். வீடியோ தளங்களையும் தேவையில்லாத டேப்களையும் மூடிவிடுங்கள்.

அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். அவை பாதுகாப்புக்கானவை. அவசர வேலை முடிந்த பிறகு, டேட்டா மிச்சம் இருக்கும் ஒரு நாளில் போட்டுக்கொள்ளுங்கள்.

படிவம் நிரப்பும்போது

• ஓ.டி.பி. இதே கைபேசிக்குத்தான் வரும். டெதரிங் ஓடும்போது மெசேஜ் திறந்து பார்க்கலாம், இணைப்பு அறுந்துபோகாது.

• அழைப்பு வந்தால்? 'வோல்ட்' வசதி உள்ள கைபேசியில் பேசிக்கொண்டே நெட் ஓடும். அந்த வசதி இல்லை அல்லது அணைந்திருக்கிறது என்றால், பேசி முடிக்கும் வரை நெட் நின்றுவிடலாம். சமர்ப்பிக்கும் நேரத்தில் அழைப்பு வந்தால் எடுக்காதீர்கள். அப்புறம் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

• கோப்பின் அளவு எவ்வளவு இருக்க வேண்டும் என்று படிவத்திலேயே எழுதியிருக்கும். முன்கூட்டியே குறைத்து வையுங்கள்.

• பணம் கட்டும் நேரத்தில் நெட் போனால், உடனே மறுபடி கட்டாதீர்கள். முதலில் வங்கிக் கணக்கையும் விண்ணப்ப நிலையையும் பாருங்கள்.

• முடிந்ததும் விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒப்புகைச் சீட்டை பி.டி.எப். ஆகச் சேமியுங்கள். அது கையில் இல்லாமல் விண்ணப்பம் முடிந்ததாக நினைக்க வேண்டாம்.

பாதுகாப்பு

உங்கள் ஹாட்ஸ்பாட்டில் யார் என்ன செய்தாலும், வெளியே தெரிவது உங்கள் இணைப்புதான். "அண்ணா, அஞ்சு நிமிஷம் நெட் குடுங்க" என்று முன்பின் தெரியாதவர் கேட்டால் பாஸ்வேர்டைச் சொல்லாதீர்கள். வேலை முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை அணையுங்கள். எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள் என்று ஹாட்ஸ்பாட் பக்கமே காட்டும். ஒரு பார்வை பாருங்கள். அதேபோல, பேருந்து நிலையத்தில் கிடைக்கும் பொது வைஃபையில் ஆதார் எண்ணோ வங்கி விவரமோ தட்டுவதைவிட, உங்கள் சொந்தக் கைபேசி இணைப்பு எவ்வளவோ மேல்.

யார் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்ல வேண்டாம். அரசு அலுவலர் என்று சொன்னாலும் வேண்டாம். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

இன்னும் நெட் வரவில்லையா?

முதலில் கைபேசியிலேயே ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கேயும் வரவில்லை என்றால் குற்றம் லேப்டாப்பில் இல்லை. ஏரோபிளேன் மோடைப் போட்டுப் பத்து விநாடி கழித்து எடுங்கள். கைபேசியை ஜன்னல் ஓரம் வையுங்கள். கைபேசியில் வருகிறது, லேப்டாப்பில் வரவில்லை என்றால், டெதரிங்கை அணைத்து மறுபடி போடுங்கள். லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்போதும் சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் பிரவுசர் பழசாக இருக்கலாம். விண்டோஸ் 7-க்கு குரோம் பிரவுசரின் புதிய பதிப்புகள் 2023 முதல் வருவதில்லை.

ஒரு வேண்டுகோள். இதைக் கடைசி நாள் இரவில் முதல்முறையாகச் செய்து பார்க்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோ மேலிருந்து லேப்டாப்பை இறக்குங்கள். தூசி தட்டி, சார்ஜ் போட்டு, கேபிளை மாட்டி ஒருமுறை பழகிவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள். அப்புறம் எந்தக் கடைசி நாள் வந்தாலும் பதற்றம் இருக்காது.