பிக்கப் வண்டிக்குப் பக்கப் படியா, காப்புச் சட்டமா?

கமக்காரர்களே,

பயிரை விளைவிப்பது பாதி வேலை. விளைந்ததைப் பழுதின்றிச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது மறுபாதி. முன்னாளில் மாட்டு வண்டி செய்த இவ்வேலையை இந்நாளில் பிக்கப் வண்டி செய்கின்றது. 2020 மார்ச் மாதத்தில் நம் நாட்டில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. 2025இல் அது மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னரும் புதிய வண்டியின் விலை சிறு கமக்காரரின் கைக்கு எட்டுவதாயில்லை. ஆதலால் உள்ள வண்டியை நெடுங்காலம் பேணுதல் வேண்டும்.

ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு மலையேறும் புகையிரதப் பாதை 1867இல் திறக்கப்பட்டது. ஏற்றம் ஓர் அளவுக்கு மிகாதவாறு மலையை வளைத்து அதனை அமைத்தனர். நம் வயலுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் செல்லும் வழிகளையோ எவரும் அளந்து அமைத்தாரில்லை. இறப்பர் மரங்களினூடே மழைநீர் அரித்த தடங்களும், வெளியே நீட்டிய கற்களும், வயலோரச் சேறுமே அவ்வழிகள். அவற்றில் ஓடும் வண்டியின் கதவுக்குக் கீழுள்ள பகுதி அடிபடுவது வழக்கம். இதனால் பலர் வண்டியின் இருபுறமும் ஏதேனும் ஒன்றைப் பூட்டிக்கொள்ள எண்ணுகின்றனர். எதைப் பூட்டுவது என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

இரண்டும் ஒன்றல்ல

கடைகளில் ‘சைட் ஸ்டெப்’ என விற்கப்படுவது பக்கப் படி. அது மனிதர் கால் வைத்து ஏறுவதற்கானது. பெரும்பாலும் மெல்லிய குழாயினாலோ அலுமினியத் தகட்டினாலோ செய்யப்பட்டுக் கதவுக்குக் கீழே தாழ்ந்து தொங்கும். ஓர் ஆளின் பாரத்தைத் தாங்குமேயன்றி வண்டியின் பாரத்தைத் தாங்காது.

‘ரொக் சிலைடர்’ எனப்படுவது காப்புச் சட்டம். அது கல்லின்மீது வண்டி இறங்கும்போது அப்பாரத்தைத் தான் ஏற்றுக் கதவின் கீழ்ப்பகுதி நசுங்காமற் காப்பது. தடித்த உருக்குக் குழாயினாற் செய்து, வண்டியின் செசியுடன் பல இடங்களிற் பொருத்தப்படும். தாழ்ந்து தொங்காது, கதவின் அடியோடு ஒட்டியே நிற்கும். ஆகவே ஏறுவதற்கு அது பெரிதும் உதவாது.

சுருங்கக் கூறின், முன்னையது ஆளுக்கு, பின்னையது வண்டிக்கு. உமது இடர் எது என்பதை அறிந்த பின்னரே பணத்தை எடுத்தல் நன்று.

முதலில் வழியை அளத்தல்

விளைச்சல் ஏற்றும் நாளிலே, பாரம் ஏற்றிய பின், ஓர் அளவுநாடாவைக் கொண்டு பின்வருவனவற்றை அளந்து குறித்துக்கொள்க.

1. நிலத்திலிருந்து கதவின் அடிவரை உள்ள உயரம்.
2. வழியில் சில்லுத்தடம் மிக ஆழ்ந்துள்ள இடத்தில் அதன் ஆழம்.
3. தடத்தின் ஓரத்தில் மிக உயர்ந்து நிற்கும் கல்லின் அல்லது மண் திட்டின் உயரம்.

ஓர் உதாரணம் காண்போம். வெறும் வண்டியில் கதவின் அடி 45 சென்ரிமீற்றர் உயரத்தில் உள்ளதெனக் கொள்வோம். பாரம் ஏற்றியதும் வில்தகடுகள் அமுங்கி அது 40 ஆகின்றது. ஒரு பக்கத்துச் சில்லுகள் 20 சென்ரிமீற்றர் ஆழமான தடத்தில் இறங்கினால் எஞ்சுவது 20. ஓரத்துக் கல் 16 ஆயின் வண்டி தப்பிச் செல்லும். இதே வண்டியில் 7 சென்ரிமீற்றர் தாழ்ந்து தொங்கும் பக்கப் படியைப் பூட்டினால் எஞ்சுவது 13 மாத்திரமே. முன்பு தட்டாத கல் இப்பொழுது தட்டும். வண்டியைக் காக்கவென்று பூட்டிய பொருளே இடரை உண்டாக்கியதாகும்.

ஈரவயலோரத்தில் சில்லு மேலும் புதையும். அந்த ஆழத்தையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

அளந்து பார்த்த பலருக்குப் பிறிதோர் உண்மையும் புலனாகும். வழி முழுவதிலும் இரண்டு அல்லது மூன்று இடங்களே தீயனவாயிருக்கும். அவ்விடங்களில் நீர் வடிய ஒரு சிறு கானை வெட்டி, தடத்தைக் கல்லிட்டு நிரப்பினால் காப்புச் சட்டமே வேண்டப்படாது. அயலவர் நால்வர் கூடினால் ஒரு நாள் வேலை. வழியைத் திருத்துவதே முதல் மருந்து என்பதை மறவாதீர்.

ஏறுபவர் யார்?

உயரமான வண்டியில் வாலிபர் தாவி ஏறுவர். முதியோரும் கூடை சுமந்த பெண்களும் அவ்வாறு ஏற இயலாது. ஒரு மழைநாளில் நான் கண்டதைக் கூறுகின்றேன். ஒரு வண்டியில் பளபளக்கும் வழுவழுப்பான குழாய்ப் படி பூட்டப்பட்டிருந்தது. வெண்டிக்காய் பறித்துவிட்டுச் சேற்றுக்காலுடன் ஏறிய வீட்டுத் தாயார் அதிற் சறுக்கி விழுந்தார். மூன்று கிழமை அவரால் நடக்க இயலவில்லை. வெண்டியோ இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிக்கப்பட வேண்டிய பயிர். பறிக்க ஆளின்றிக் காய்கள் முற்றி நார்பற்றி வீணாயின. படியின் அழகைப் பார்த்து வாங்கியவர், அதன் மேற்பரப்பைத் தொட்டுப் பார்த்தாரில்லை.

ஆகவே படி வாங்குபவர் கவனிக்க வேண்டியவை: கால் வைக்கும் இடம் ஓர் உள்ளங்காலின் முன்பாதி முழுவதும் பதியும் அகலமுடையதாதல் வேண்டும். துளையிட்ட தகடு அல்லது சொரசொரப்பான இறப்பர் பதித்திருத்தல் வேண்டும். துளைகள் இருப்பின் சேறு கீழே விழுந்துவிடும். நிலத்துக்கும் வண்டியின் தளத்துக்கும் இடையிலுள்ள உயரத்தை ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிக்கும் இடத்திலே படி அமைதல் நன்று. வழியின் அளவு அதற்கு இடங்கொடாவிடின், கழற்றி வைக்கக்கூடிய ஒரு மரப்படியை வண்டியிற் கொண்டு செல்லலாம். அது செலவற்றது, கல்லிலும் தட்டாது.

பாரக் கணக்கு

ஒவ்வொரு வண்டிக்கும் ஏற்றத்தக்க பாரத்துக்கு ஓர் எல்லை உண்டு. பூட்டும் பொருள் எதுவாயினும் அந்த எல்லைக்குள்ளேயே அடங்கும். ஒரு சோடி உருக்குக் காப்புச் சட்டம் 50 கிலோகிராம் நிறையாயின், அது ஓர் உரமூடையின் நிறை. ஒவ்வொரு பயணத்திலும் ஒரு மூடையை இறக்கி வைத்துவிட்டுச் செல்வதற்கு அது ஒப்பாகும். கல்வழியில் நாள்தோறும் செல்பவருக்கு இவ்விழப்பு தகும். தார் வீதியில் ஓடி, கிழமைக்கு ஒருமுறை தோட்டத்துக்குள் செல்பவருக்குத் தகாது.

பொருத்தும் முறை

காப்புச் சட்டம் என்ற பெயரில் வெறும் படியை விற்பதும் உண்டு. மூன்று சோதனைகளால் உண்மையை அறியலாம். முதலாவது, அது செசியுடன் பொருத்தப்படுகின்றதா, அன்றிக் கதவடித் தகட்டுடனா என்று குனிந்து பார்த்தல் வேண்டும். தகட்டில் மாத்திரம் பூட்டியது கல்லில் மோதினால் அத்தகட்டையே மடக்கிவிடும். இரண்டாவது, ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று இடங்களிலேனும் தாங்கிகள் உள்ளனவா, குழாயின் சுவர் 3 மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்புடையதா என்று கேட்டறிக. மூன்றாவது, அதன்கீழ் ஜக்கு வைத்து வண்டியைத் தூக்கலாமென விற்பவர் உறுதி கூறுகின்றாரா என்பது. அவர் தயங்கினால் அது படியே. பக்கப் படியின்கீழ் ஒருபோதும் ஜக்கு வைத்தலாகாது; படி முறிந்தால் கீழிருப்பவரின் உயிர் போகும்.

செசியிற் புதிதாகத் துளையிடுவதும் ஒட்டுவேலை செய்வதும் அதனைப் பலவீனப்படுத்தக் கூடும். உள்ள துளைகளைப் பயன்படுத்தி ஆணியும் சுரையும் கொண்டு பூட்டுவதே ஏற்றது. ஒட்டுவேலை தவிர்க்க முடியாததாயின் தேர்ந்த தொழிலாளரிடமே விடுக. பற்றரி இணைப்பை முதலிற் கழற்றுவித்தல் வேண்டும். செசியின் ஓரமாக எரிபொருட் குழாயும் பிரேக் குழாயும் மின்கம்பிகளும் செல்வதுண்டு என்பதையும் நினைவூட்டுக. பூட்டிய பின் சில நாள் ஓடியதும் சுரைகளை மீண்டும் இறுக்குக.

துருவைத் தடுத்தல்

நமது பகுதி ஈரவலயத்தைச் சேர்ந்தது; இரு பருவமழைகளும் இதனை நனைக்கும். அதனுடன் உரமும் சேர்ந்தால் உருக்கு விரைவில் அரிக்கப்படும். பொட்டாசு உரமும் அமோனியம் சல்பேற்றும் இதிற் கொடியவை. உரம் ஏற்றிய நாளின் மாலையே வண்டியின் பக்கங்களையும் அடியையும் நீரூற்றிக் கழுவுக. குழாய்களின் கீழ்ப்புறத்தில் நீர் வடியும் துளை இருத்தல் வேண்டும். அதனைச் சேறு அடைக்காதவாறு பார்த்துக்கொள்க. கல் கீறிய இடத்துக்கு அப்பொழுதைக்கப்பொழுதே மை பூசுக.

சட்டமும் பாதுகாப்பும்

வண்டியின் அமைப்பில் மாற்றம் செய்யுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரித்து, காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவித்தல் நன்று. ஓடும் வண்டியின் பக்கப் படியில் எவரும் நின்று செல்ல இடமளியாதீர். அறுவடை நாளின் அவசரத்திலும் இது விலக்கப்பட வேண்டியது.

மேலும், எச்சட்டமும் மலைச்சரிவிலிருந்து காக்காது. 2016 மே 17ஆம் நாள் நம் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் நிகழ்ந்த மண்சரிவை நாம் மறக்கலாகாது. எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் வண்டி வீட்டிலேயே நிற்கட்டும்.

எவருக்கு எது?

முதியோரும் பெண்களும் ஏறி இறங்கும், நல்ல வழியில் ஓடும் வண்டிக்கு: அகன்ற, சறுக்காத பக்கப் படி.

கல்லும் ஆழ்ந்த தடமும் உள்ள வழியில் நாள்தோறும் செல்லும் வண்டிக்கு: செசியிற் பூட்டிய காப்புச் சட்டம், ஏறுவதற்கு ஒரு மரப்படி.

தரை மிகத் தாழ்ந்த சிறு பார வண்டிக்கு: இரண்டும் வேண்டாம். வழியைச் செப்பனிடுக.

கமக்காரர்களே, விதைக்குமுன் நிலத்தை அறிகின்றீர்கள். உரமிடுமுன் பயிரை அறிகின்றீர்கள். அவ்வாறே வண்டிக்கு எதனையும் பூட்டுமுன் வழியையும், பாரத்தையும், ஏறுபவரின் காலையும் அறிந்து செயற்படுவீர்களாக. அளவுநாடாவுடன் செலவிடும் ஒரு காலைப் பொழுது வீண்செலவையும் வீண்துன்பத்தையும் தவிர்க்கும்.