முழங்கால் குருத்தெலும்புக்கு எத்தனை வயது?

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் விலங்குத் திசுக்களை நடத்தும்போது குருத்தெலும்புக்குப் பெரும்பாலும் ஒரு பத்தியோடு முடித்துவிடுகிறோம். மூக்கு நுனி, காது மடல், மூச்சுக்குழல், நீண்ட எலும்புகளின் முனைகள் ஆகிய இடங்களில் இது உள்ளது. இதன் செல்கள் காண்ட்ரோசைட்டுகள். இத்துடன் பாடம் நகர்ந்துவிடும். ஆனால் குரும்பலூர் போன்ற ஊர்களில் மாணவர் கேட்கும் கேள்வி வேறு. சின்ன வெங்காயக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் குந்தியிருந்து களையெடுத்த பாட்டிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது என்கிறார்கள். தேய்ந்தது மறுபடி வளருமா? வளரச் செய்யும் என்று விளம்பரமாகும் தைலத்தையும் மாத்திரையையும் வாங்கலாமா?

‘வளராது’ என்று ஒரு சொல்லில் பதில் சொல்வதைவிட, அதை எப்படி அளந்தார்கள் என்று காட்டுவது அறிவியல் வகுப்புக்கு ஏற்றது. அதற்கான வழி இக்கட்டுரை.

கற்றல் விளைவுகள்

1. ஒரு திசு வளர்வதும், அதன் பொருள் புதுப்பிக்கப்படுவதும் வெவ்வேறு என அறிதல்.
2. அடையாளமிட்டு அளக்கும் முறையைச் செய்து பார்த்தல்.
3. விளம்பரக் கூற்றைச் சான்று கொண்டு சோதித்தல்.

எலும்பு எங்கே வளர்கிறது?

18ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலேயர், கோழிக்குஞ்சின் கால் எலும்பில் இரண்டு துளைகளிட்டு வளரவிட்டார். எலும்பு நீண்டது, துளைகளுக்கு இடையிலான தூரம் மாறவில்லை. எனவே எலும்பு நடுவில் நீளவில்லை, முனைகளில்தான் நீள்கிறது. அந்த முனைகளில் உள்ள குருத்தெலும்பு அடுக்கே வளர்ச்சித் தட்டு. பருவ வயதின் முடிவில் அது எலும்பாகி மூடிக்கொள்ளும். அதன்பின் உயரம் கூடாது.

1736இல் ஜான் பெல்ச்சியர், மேடர் என்னும் சாயச் செடியைத் தின்ற விலங்குகளின் எலும்பு சிவந்திருப்பதை எழுதினார். அதிலுள்ள நிறமி அலிசரின். நம் சோழமண்டலக் கடற்கரையில் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேரிலும் இருப்பது இதுவே. புதிதாகச் சுண்ணாம்புச் சத்து படியும் இடத்தில் சாயம் பிடிப்பதால், எலும்பின் வளர்ச்சியைக் கண்ணால் பார்க்க முடிந்தது. ஆனால் மூட்டின் வழுவழுப்பான குருத்தெலும்பில் சுண்ணாம்புச் சத்து படிவதில்லை. அங்கே இந்தச் சாயம் உதவாது. அதை அளக்க வேறு அடையாளம் வேண்டியிருந்தது.

செயல்பாடு 1: முளைவேரில் கோடுகள்

மொச்சையை ஈரத்துணியில் முளைகட்டுங்கள். வேர் 2 செ.மீ. நீண்டதும், மையில் தோய்த்த நூலால் 2 மி.மீ. இடைவெளியில் கோடுகள் இடச் சொல்லுங்கள். மறுநாள் நுனியை ஒட்டிய கோடுகள் மட்டும் விலகியிருக்கும். ஹேல்ஸின் துளைகளுக்கும் இக்கோடுகளுக்கும் உள்ள ஒற்றுமையை மாணவரே சொல்வர்.

செல் பிரிவதை எண்ணுதல்

செல் பிரியுமுன் டி.என்.ஏ. இரட்டிப்பாகிறது. அதற்குத் தைமிடின் என்னும் மூலக்கூறு தேவை. கதிரியக்கமுள்ள டிரிட்டியம் சேர்த்த தைமிடினை உடலில் செலுத்தினால், அப்போது பிரிய ஆயத்தமாகும் செல்களில் மட்டும் அது சேரும். அச்செல்களை ஒளிப்படப் பூச்சில் கரும்புள்ளிகளாகக் காணலாம். ஹென்றி மான்கின் 1960களின் தொடக்கத்தில் முயல்களின் மூட்டில் இதைச் செய்தார். இளம் முயலின் குருத்தெலும்பில் பிரியும் செல்கள் இருந்தன. முதிர்ந்த முயலின் நலமான குருத்தெலும்பில் அவை காணப்படவில்லை.

காரணமும் மாணவருக்குப் புரியக்கூடியதே. மூட்டுக் குருத்தெலும்பில் இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டுத் திரவத்திலிருந்து ஊறி வருவதே அதன் உணவு. கையில் பட்ட காயத்துக்கு இரத்தம் பழுதுபார்க்கும் செல்களைக் கொண்டுவருகிறது. இங்கே கொண்டுவர வழியில்லை.

நாரின் வயது

செல் பிரியாவிட்டாலும், செல்லைச் சூழ்ந்துள்ள கொலாஜன் நார் புதுப்பிக்கப்படலாம் அல்லவா? கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய அமைப்பு என்பதை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள். நம் மாணவர் பெருமையோடு அறிய வேண்டிய செய்தி இது. அந்த நாரின் வயதை அளக்க ஒரு கடிகாரம் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது.

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இருமடங்கானது. 1963 ஒப்பந்தத்துக்குப்பின் அது ஆண்டுதோறும் குறைந்தது. பயிர் அக்கார்பனை ஏற்கிறது; நாம் பயிரை உண்கிறோம். ஆகவே எந்த ஆண்டில் நார் உருவானதோ, அந்த ஆண்டுக் காற்றின் அளவு அதில் பதிந்திருக்கும். 2016இல் டென்மார்க் ஆய்வாளர்கள் முழங்கால் குருத்தெலும்பின் கொலாஜனை இவ்வாறு அளந்தார்கள். அதில் இருந்தது வளர்பருவத்துக் கார்பன். முதிர்வயதில் புது நார் குறிப்பிடத்தக்க அளவில் சேரவில்லை. தேய்மான நோய் உள்ளவர்களிடமும் அதே நிலை. அறுபது வயதுப் பாட்டியின் முழங்கால் நார் அவர் பள்ளி வயதில் நெய்யப்பட்டது.

செயல்பாடு 2: நூறு மொச்சை

ஒரு பானையில் 100 வெள்ளை மொச்சை இடுங்கள். ஒவ்வொரு சுற்றும் ஓராண்டு. பார்க்காமல் 10 எடுத்துவிட்டு, சிவப்பு மை பூசிக் காயவைத்த 10 மொச்சைகளைப் போட்டுக் கலக்க வேண்டும். பத்துச் சுற்றில் வெள்ளை தீர்ந்துவிடும் என்று பலர் ஊகிப்பர். உண்மையில் 100, 90, 81, 73 எனக் குறைந்து, பத்தாம் சுற்றில் ஏறத்தாழ 35 மிஞ்சும். எடுத்த பத்தில் சிவப்பும் வந்துவிடுவதே காரணம். வரைபடம் வரையச் செய்யுங்கள். பிறகு கேளுங்கள்: குருத்தெலும்பின் நார் ஆண்டுக்கு 10 விழுக்காடு புதுப்பிக்கப்பட்டால் அறுபது வயதில் பழைய நார் எவ்வளவு இருக்கும்? ஆய்வு கண்டது எதைக் காட்டுகிறது?

ஆசிரியர் கவனத்திற்கு

‘குருத்தெலும்பில் எதுவுமே மாறாது’ என்று முடித்துவிடக் கூடாது. நார்களுக்கு இடையே நீரைப் பிடித்துவைக்கும் புரதச் சர்க்கரைப் பொருள் முதிர்வயதிலும் ஓரளவு புதுப்பிக்கப்படுகிறது. எல்லா மூட்டும் ஒன்றல்ல என்பதை 2019இல் அமெரிக்க, சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினர்: கணுக்காலின் புரதங்கள் இளையவை, இடுப்பின் புரதங்கள் முதியவை, முழங்கால் இடைப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் குருத்தெலும்பிலிருந்து முன்னோடிச் செல்களைப் பிரித்து வளர்த்து ஆய்ந்து வருகிறார்கள். கதவு மூடிவிடவில்லை. ஆனால் அது ஆய்வகத்தில் திறக்க வேண்டிய கதவு. தோல்மேல் தடவும் தைலம் வலியைச் சற்றுக் குறைக்கலாம், நாரை நெய்யாது.

பாட்டிக்கு நாம் சொல்லி அனுப்ப வேண்டியவையும் உண்டு. மூட்டு அசையும்போதுதான் திரவம் குருத்தெலும்புக்குள் ஊறிச் சென்று உணவளிக்கிறது. ஆகவே அளவான நடை நல்லது. தொடைத் தசை வலுப்பெற்றாலும், கூடுதல் எடை குறைந்தாலும் முழங்காலின் சுமை குறையும். வலி நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். விளையாட்டில் மூட்டருகே அடிபட்ட மாணவரை ‘சுளுக்கு’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அனுப்புவது நம் கடமை. அவருடைய வளர்ச்சித் தட்டு இன்னும் திறந்திருக்கிறது.

மதிப்பீடு

1. அலிசரின் சாயத்தால் மூட்டுக் குருத்தெலும்பின் வளர்ச்சியை ஏன் அறிய முடியாது?
2. 1940இல் பிறந்தவருக்கும் 1960இல் பிறந்தவருக்கும் முழங்கால் கொலாஜனில் கார்பன்-14 அளவு எவ்வாறு வேறுபடும்? ஏன்?
3. ‘முப்பது நாளில் குருத்தெலும்பு வளரும்’ என்னும் விளம்பரத்தைக் கண்டால், அதை நம்புமுன் எந்த அளவீட்டைக் கேட்பாய்?

மூன்றாம் கேள்விக்கு மாணவர் எழுதும் விடையை வீட்டில் படித்துக்காட்டச் சொல்லுங்கள்.