நிலா எப்போது வரும்? தெரிந்துகொள்வோம், திட்டமிடுவோம்



இந்த மாதப் பாடத்தை எங்கள் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம்.

மதுரையில் வைகைக்கு வடகரைப் பக்கம் உள்ள ஒரு குழுவில் மாதா மாதம் 10ஆம் தேதி இரவு 7 மணிக்குக் கூட்டம். தவணை கட்டும் நாளை ஒட்டி வைத்த தேதி அது. அந்தத் தெருவில் விளக்கு கிடையாது. ஒரு மாதம் காலண்டரைப் பார்த்தோம். 7ஆம் தேதி பௌர்ணமி என்று இருந்தது. "மூணு நாள்தானே ஆச்சு, நல்ல நிலா வெளிச்சம் இருக்கும், தைரியமா வாங்க" என்று நாங்களே சொல்லி அனுப்பினோம். கூட்டம் முடிந்து 8.20க்கு வெளியே வந்தால் ஒரே கும்மிருட்டு. ஒரு சகோதரி சாக்கடை ஓரத்தில் கால் தவறி விழுந்தார். கணுக்கால் வீங்கி மூன்று நாள் கூலி போயிற்று. அடுத்த மாதம் நான்கு பேர் கூட்டத்துக்கு வரவில்லை. வராதவர்களுக்கு அபராதம் போட, குழுவில் பெரிய சண்டையே வந்துவிட்டது.

அப்போது குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா, படிச்ச புள்ளைக நீங்க. பௌர்ணமி கழிஞ்சா நிலா நாளுக்கு நாள் லேட்டாத்தான வரும்? இது தெரியாதா?" என்றார். உண்மையிலேயே எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவரிடம் கேட்டும், படித்தும், ஒரு மாதம் வானத்தைப் பார்த்துக் குறித்தும் கற்றுக்கொண்டதை இங்கே தருகிறோம்.

ஏன் தாமதம்?

பூமி தன்னைத்தானே ஒரு நாளுக்கு ஒரு முறை சுற்றுகிறது. அதனால்தான் நிலா கிழக்கே உதித்து மேற்கே மறைவதுபோல் தெரிகிறது. ஆனால் நிலாவும் சும்மா இருப்பதில்லை. அது பூமியைச் சுற்றிக் கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் எவ்வளவு அகலமோ, அதைவிடச் சற்று அதிகமாக ஒரு நாளில் நகர்ந்துவிடும். அதை எட்டிப்பிடிக்க நம்ம மதுரை இன்னும் கொஞ்சம் சுற்ற வேண்டும். அதற்கு ஆகும் நேரம் சராசரியாக 50 நிமிடம். சில நாள் கொஞ்சம் குறையும், சில நாள் கூடும்.

ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்குச் சுமார் 29½ நாள். மதுரையில் அந்த நாட்கள் ஏறத்தாழ இப்படிப் போகும்:

அமாவாசை: காலை 6 மணி வாக்கில் சூரியனோடு உதித்து, மாலையில் சூரியனோடு மறையும். நிலா எங்கும் போய்விடவில்லை. பகலில் நம் தலைக்கு மேலே இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது.
வளர்பிறை 3ஆம் நாள்: இரவு 8.30, 9 மணிக்குள் மறைந்துவிடும்.
வளர்பிறை அஷ்டமி: நண்பகலில் உதிக்கும், நள்ளிரவை ஒட்டி மறையும். பொழுது சாயும்போது உச்சியில் பாதி நிலா நிற்கும்.
பௌர்ணமி: சூரியன் மறையும்போது உதிக்கும், விடியும்போது மறையும்.
பௌர்ணமி கழிந்து 3ஆம் நாள்: இரவு 8.45, 9 மணிக்குத்தான் உதிக்கும். (நாங்கள் ஏமாந்த நாள் இதுதான்!)
தேய்பிறை அஷ்டமி: நள்ளிரவை ஒட்டி உதிக்கும். காலை 8 மணிக்கும் மேற்கு வானில் வெளுப்பாகத் தெரியும்.
தேய்பிறை 13ஆம் நாள்: விடியற்காலை 4 மணி வாக்கில் கிழக்கே மெல்லிய கீற்றாக வரும்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமியை ஒட்டி, விடியற்காலையில். அடுத்த முறை போகும்போது மேற்கே திரும்பிப் பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் முழு நிலா தாழ்ந்து நிற்பதைக் காணலாம்.

செய்து பார்ப்போம்

இருட்டறையில் ஒரு விளக்கை ஏற்றி வையுங்கள். அது சூரியன். ஒரு வெள்ளைப் பந்தைக் கை நீட்டித் தலைக்குச் சற்று மேலே பிடியுங்கள். அது நிலா. உங்கள் தலைதான் பூமி. விளக்கைப் பார்த்து நின்றால் பந்து இருட்டாகத் தெரியும்: அமாவாசை. பந்தைப் பார்த்தபடியே மெதுவாக இடப்பக்கம் திரும்புங்கள். கால் சுற்றில் பாதி வெளிச்சம், விளக்குக்கு முதுகு காட்டினால் முழு வெளிச்சம். நிலா தேய்வதும் இல்லை, வளர்வதும் இல்லை. வெயில் படும் பாகத்தை நாம் பார்க்கும் கோணம்தான் மாறுகிறது. குழந்தைகளையும் செய்யச் சொல்லுங்கள்.

குழுவுக்கு என்ன பயன்?

1. இரவு 7 மணிக் கூட்டத்துக்கு ஏற்றது வளர்பிறை சஷ்டி முதல் பௌர்ணமி வரை. பௌர்ணமிக்கு முந்தின மூன்று நாளும் பிந்தின மூன்று நாளும் ஒன்றல்ல.

2. ஆங்கில மாதம் பெரும்பாலும் 30, 31 நாள், நிலா மாதம் 29½ நாள். அதனால் பௌர்ணமி தேதி மாதத்துக்குச் சுமார் ஒரு நாள் முன்னால் வரும். ஜனவரி 10இல் பௌர்ணமி என்றால் ஜூனில் 6ஆம் தேதி வாக்கில் வந்துவிடும். அந்த ஜூன் 10இல் நிலா உதிக்க இரவு 10 மணியை ஒட்டி ஆகும். ஒரே தேதியை நம்பக் கூடாது.

3. வருடத் தொடக்கத்திலேயே காலண்டரில் திதி பார்த்து, இருட்டு மாதங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் கூட்டத்தை மாலை 5 மணிக்கு வைக்கலாம்.

அந்தக் குழு இப்போது இப்படித்தான் செய்கிறது. நான்கு பேரின் அபராதத்தையும் ரத்து செய்து தீர்மானம் எழுதினார்கள். தவறு எங்களுடையது என்று கூட்டத்தில் சொன்னோம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது சகோதரிகளே. ஐப்பசி, கார்த்திகை மேகத்தில் பௌர்ணமியும் இருட்டுதான். நிலாவைக் கணக்குப் பார்ப்பது தெருவிளக்குக்கு மாற்று ஆகாது. விளக்கு கேட்டு அந்தக் குழு மனு கொடுத்திருக்கிறது. வெளிச்சம் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்!

குழுவில் கலந்து பேச:

* நமது கூட்ட நாளில் நிலா எத்தனை மணிக்கு உதிக்கும்?
* இருட்டுக்குப் பயந்து கூட்டத்துக்கு வராதவர் யாராவது உண்டா? அவரிடம் காரணம் கேட்டோமா?
* நம் தெருவில் விளக்கு இல்லாத இடங்கள் எவை? மனு எழுதப் பொறுப்பு ஏற்பவர் யார்?