தென்னை நார்க்கழிவை உரமாக்க முனையும் இளம் விவசாயிக்கு

தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரித்தபின் மில்லில் எஞ்சும் பழுப்புத் தூளே தென்னை நார்க்கழிவு. ஒரு கிலோ நாருக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ தூள் விழும். பொள்ளாச்சி வட்டாரத்தில் இது மலைமலையாகக் குவிந்து கிடந்ததுண்டு. மழையில் அந்தக் குவியலிலிருந்து கசியும் பழுப்புச் சாறு நிலத்தடி நீரைக் கெடுக்கும். உரம் தயாரிக்கும் இடத்தைக் கிணற்றிலிருந்து தள்ளியே அமைக்க வேண்டும்.

இந்தத் தூள் தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் நீரைப் பிடித்துவைக்கும். அதற்கு ஆசைப்பட்டு, மக்காத தூளை வயலில் கொட்டி உழுதுவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அதில் கரிமம் 112 பங்கு என்றால் தழைச்சத்து ஒரு பங்குதான். அவ்வளவு கரிமத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்குத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும், பயிர் வெளிறிப்போகும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறை எளியது. குழி வேண்டாம், நிழல் வேண்டும். 100 கிலோ தூளைப் பரப்பி ஒரு பாட்டில் சிப்பிக் காளான் வித்தைத் தூவ வேண்டும். அதன்மேல் இன்னொரு 100 கிலோ, அதற்கு ஒரு கிலோ யூரியா. இப்படியே மாறி மாறி அடுக்கினால் ஒரு டன்னுக்கு ஐந்து பாட்டில் வித்தும் ஐந்து கிலோ யூரியாவும் ஆகும். தூளில் 30 விழுக்காடு வரை இருக்கும் லிக்னின் லேசில் மக்காது. அதை உடைக்கும் நொதி காளானிடம் உண்டு என்பதால் வித்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. யூரியாவைத் தவிர்க்க விரும்புவோருக்கு வேறு வழியும் உண்டு: டன்னுக்கு 200 கிலோ புதுக் கோழி எருவைக் கலந்து, பத்து நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுவது. பல்லடம் போலக் கோழிப் பண்ணைகள் மிகுந்த பகுதிகளில் இதுவே சாலச் சிறந்தது.

பெரும்பாலான குவியல்கள் கெடுவது ஈரத்தில்தான். 60 விழுக்காடு ஈரம் வேண்டும். ஒரு பிடி தூளை அழுத்திப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், நீர் சொட்டக் கூடாது. காய்ந்தால் காளான் மடியும். ஊறிப்போனால் காற்றில்லாமல் நாற்றமெடுக்கும். கையால் தினமும் பார்ப்பதற்கு ஈடான கருவி இல்லை.

ஏறத்தாழ 60 நாளில் தூள் கறுத்து, குவியல் தணிந்து, மண்வாசனை வரும். தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமம் 24 பங்காக இறங்கியிருக்கும். ஏக்கருக்கு இரண்டு டன் அடியுரமாக இடலாம்.

மக்காத தூளுக்கும் தோப்பிலேயே இடமுண்டு. தென்னையின் அடியில் 1.8 மீட்டர் ஆரமுள்ள பாத்தியில், மண்ணோடு கலக்காமல் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பினால், அது கோடையில் ஈரம் காக்கும் மூடாக்கு.